பழைய ஸ்கீ உடுப்பு: உண்மையிலேயே தரமா, இல்லை எங்களுக்கு வயது போய்விட்டதா?

கேள்வி, 11 ஜனவரி 2025

"80களிலும் 90களிலும் வாங்கிய ஸ்கீ ஜக்கெற்றுகள் எங்கள் வீட்டில் இன்னும் கிழியாமல் தொங்குகின்றன. போன வருடம் நானூறு பிராங்க் கொடுத்து வாங்கியதற்கு இப்போதே சிப் போய்விட்டது. பொக்னர், எல்லெஸ், டெசாந்த் என்று அந்தக் காலத்துப் பெயர்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. நிறமாவது இருந்தது! இப்போது மலையில் எல்லோரும் கறுப்பும் சாம்பலுமாகச் செத்தவீட்டுக்குப் போவது போலச் சறுக்குகிறார்கள். மறுப்பவர் உண்டா?"

11 ஜனவரி, இரவு

மறுக்க நான் இருக்கிறேன்.

1990இல், பத்து வயதில், சுவிசில் சென்ட் காலனுக்கு வந்தேன். 1994 பெப்ரவரியில் பள்ளிக்கூடத்து ஸ்கீலாகர், அதாவது ஸ்கீ முகாம். கொண்டுவர வேண்டிய சாமான்கள் என்று ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஜெர்மன் ஓடாது, நான்தான் வாசித்துச் சொன்னேன். ஸ்கீயும் சப்பாத்தும் வாடகைக்கு எடுக்கலாம், உடுப்பு அவரவர் பாடு. அப்பா உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம். அம்மா புரோக்கிக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போய் ஒரு ஓவரோல் கொண்டுவந்தார். ஐந்து பிராங்காம்.

கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டு. இடுப்புக்கு மேலே கண்ணைக் குத்தும் ரோசா, கீழே ஊதா, நெஞ்சுக்குக் குறுக்கே மஞ்சளில் ஒரு மின்னல். தோளுக்குள் சின்னத் தலையணை மாதிரிப் பஞ்சு. இடுப்பில் பட்டி வேறு. 1988இல் அதைப் போட்டிருந்தால் ராசாத்திதான். 1994இல் என் வகுப்புப் பெடியள் ஸ்னோபோர்ட் பக்கம் போய்விட்டார்கள். தொளதொளத்த காற்சட்டை, கட்டம் போட்ட சேட், மண் நிறம், பாசி நிறம். அவர்களுக்கு நடுவில் நான் சந்தி விளக்கு மாதிரி நின்றேன். பனிமூட்டத்தில் என்னைத் தேட வேண்டியதில்லை என்று ஆசிரியர் மட்டும் சந்தோஷப்பட்டார்.

இனித் தரத்துக்கு வருவோம். மேலே நைலோன், உள்ளே பஞ்சு, வேறு ஒன்றும் இல்லை. புதிதாகப் பழகுகிறவள் நாளில் முப்பது தடவை விழுவாள். பதினொரு மணிக்குப் பஞ்சு தண்ணீர் குடிக்கத் தொடங்கும். மூன்று மணிக்கு இடுப்புக்குக் கீழே ஒரு கல்லைக் கட்டினது போல இருக்கும். இரவு முழுக்க ஹீற்றருக்கு மேல் போட்டாலும் காலையில் பின்பக்கம் ஈரம் காயாது. அந்த ஈரத்தோடு இழுவைக் கம்பியில் தொங்கிக்கொண்டு மலை ஏறிப் பார்த்தவர்கள் "பழையதுதான் தரம்" என்று சொல்ல மாட்டார்கள். கழிப்பறைக் கதையைச் சொல்லவே வேண்டாம். ஒரே துண்டு உடுப்பை முழுக்க இறக்கினால் இரண்டு கையும் அந்த ஈர நிலத்தில்தான் கிடக்கும்.

என்ன பிராண்ட் என்று கேட்காதீர்கள். தெரியாது.

11 ஜனவரி, பிறகு

ஒன்று விட்டுப்போய்விட்டது. அந்த ஓவரோலில் சிப் மட்டும் நல்ல சிப். வெள்ளைப் பிளாஸ்டிக், பல் ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு. அதில் மட்டும் கேள்வி கேட்டவரோடு நான் ஒத்துப்போகிறேன்.

13 ஜனவரி

கேட்காதீர்கள் என்று சொன்ன பிறகும் மூன்று பேர் பிராண்ட் கேட்டுவிட்டீர்கள். "சிப்பின் நுனியில் B எழுத்து தொங்கியதா?" என்று ஒருவர். இல்லை ஐயா, ஒன்றும் தொங்கவில்லை. பொக்னர் ஐந்து பிராங்குக்குப் புரோக்கிக்கு வராது.

ஆனால் பொக்னர் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. மியூனிக்கில் 1932இல் தொடங்கிய நிறுவனம். 50களின் தொடக்கத்தில் மரியா பொக்னர் இழுபடும் துணியில் ஸ்கீக் காற்சட்டை தைத்ததுதான் பெரிய திருப்பம். அதற்கு முன்னால் எல்லோரும் கம்பளித் துணியில், காற்றுப் புகுந்தால் உப்புகிற காற்சட்டைதான் போட்டார்கள். அமெரிக்காவில் யார் தைத்ததாக இருந்தாலும் அந்த ஒட்டுக் காற்சட்டைக்கு "பொக்னர்" என்றே பெயர் விழுந்துவிட்டது. எல்லாம் மியூனிக்காரர் மூளை.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டு அம்மாவுக்கு 86 வயது. அவரிடம் ஒன்று இருக்கிறது, கறுப்பு. போன வருடம் எடுத்துக் காட்டினார். முன்மடிப்பு அயர்ன் பண்ணியதல்ல, தையல் போட்டே நிறுத்தியிருக்கிறார்கள். அடியில் பாதத்துக்குக் கீழே மாட்ட ஒரு ரப்பர் பட்டி. காலைப் பட்டிக்குள் விட்டு நிமிர்ந்தால் துணி முழுவதும் விறைத்து நிற்கும், ஒரு சுருக்கம் இருக்காது. "இதைப் போட்டுக்கொண்டு குனிந்து லேஸ் கட்டவே ஒரு தனித் திறமை வேண்டும்" என்றார். அப்போது சப்பாத்து தோல், காற்சட்டை அதற்கு உள்ளே போகும். பிறகு உயரமான பிளாஸ்டிக் சப்பாத்து வந்ததும் அதற்குள் துணியைத் திணிக்க இடமில்லாமல் போய், காற்சட்டை வெளியே வந்து சப்பாத்தை மூடிற்று. 70களில் எல்லெஸ்காரர் முழங்காலுக்குப் பஞ்சு வைத்து, அடியை அகலமாக்கித் தைத்த காற்சட்டை அந்தக் காலத்து வேலை. பாஷன் என்று நாங்கள் நினைப்பதில் பாதி சப்பாத்துக்காரர் தீர்மானித்தது.

15 ஜனவரி

திருத்தம். "எல்லாம் மியூனிக்காரர் மூளை" என்று எழுதியதைக் கீழ்வீட்டு அம்மாவிடம் ஜெர்மனில் சொல்லிக் காட்டினேன். கோபம் வந்துவிட்டது. வெட்டித் தைத்தது மியூனிக்காக இருக்கலாம், இழுபட்டது எங்கள் நூல் என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்தத் துணியில் கம்பளியோடு சேர்ந்தது ஹெலாங்கா என்ற நைலோன் நூல். அதைச் செய்தது இங்கே டொக்கன்பூர்க் பள்ளத்தாக்கில், வாட்வில் ஊரில் இருந்த ஹெபர்லைன் ஆலை. நைலோன் நூலை இறுக்கி முறுக்கி, அந்த முறுக்கிலேயே சூடாக்கி, பிறகு முறுக்கைப் பிரித்துவிடுவார்கள். நூல் பிரிந்தாலும் சூட்டில் பழகிய சுருள் போகாது. இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கும். கீழ்வீட்டு அம்மா கலியாணத்துக்கு முன் மூன்று வருடம் அந்த ஆலையில் நின்றவர். சம்பளத்தில் முதல் வாங்கியது அந்தக் கறுப்புக் காற்சட்டை. தான் செய்த நூல் மியூனிக் போய்த் திரும்பி வந்து தனக்கே விலைப்பட்டது என்று சொல்லிச் சிரித்தார்.

சென்ட் காலனில் 35 வருடம் இருக்கிறேன், ரெயிலில் வாட்வில்லால் எத்தனை தரம் போயிருப்பேன். இது தெரியாது.

18 ஜனவரி

யாரோ சுவிஸ் ஸ்கீ அணியின் சீஸ் உடுப்பைப் பேச்சுக்கு இழுத்துவிட்டீர்கள், நன்றி. அதை மறந்தே போனேன். 90களில் சீஸ் சங்கம் அணிக்கு விளம்பரதாரர். வீரர்கள் உடம்போடு ஒட்டின மஞ்சள் உடுப்பில், அதில் அங்கங்கே ஓட்டை ஓட்டையாகச் சீஸ் படம் போட்டு, மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் இறங்கி வருவார்கள். தைத்தது டெசாந்த். பெயர் பிரெஞ்சு, ஆனால் ஒசாக்காவில் 1935இல் தொடங்கிய ஜப்பான் நிறுவனம். சுவிஸ் சீஸை ஜப்பான்காரர் தைத்திருக்கிறார்.

அப்பா தொலைக்காட்சியில் முதல்தரம் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, இவை தோசையைச் சுத்திக்கொண்டு ஓடுகினம்?" என்றார். எங்கள் வீட்டுத் தோசை மஞ்சள் போட்டது, அதே நிறம், அதே ஓட்டை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதற்குத் தோசைச்சட்டை என்றுதான் பெயர். ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை. விலையைப் பார்த்துவிட்டுத் தோசை சுட்டேன்.

19 ஜனவரி

மொங்கிளேர் ஜக்கெற் நிறுவனம் பற்றிக் கேட்டவருக்கு: கிரெனோபிள் பக்கத்தில் மொனெஸ்தியே-த-கிளேர்மோன் என்ற ஊர்ப் பெயரின் சுருக்கம் அது. தொடங்கியது 1952. முதலில் கூடாரமும் உறக்கப்பையும்தான். இறகு அடைத்த ஜக்கெற் ஆலைத் தொழிலாளர் குளிருக்குப் போட்டது. மலையேறி லியோனெல் தெரே அதைக் கண்டு மலைக்குக் கொண்டுபோனார். 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்கில் பிரெஞ்சு அணிக்கு அது உடுப்பு. இப்போது சூரிச்சின் விலைகூடிய கடைத்தெருவான பான்ஹோவ்ஸ்திராசவில் பனியே கொட்டாத நாளிலும் காணலாம். ஃபியூசால்ப் என்ற ஸ்கீ உடுப்பு நிறுவனமும் அதே 1952தான், அனெசியில் தையற்காரர்கள் சேர்ந்து தொடங்கியது.

இதிலெல்லாம் எங்களுக்கு என்ன ஏக்கம் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் சனத்தில் 80களில் வந்தவர்கள் யாரும் இதைக் கடையில் புதிதாக வாங்கவில்லை. எங்களுக்கு வந்து சேர்ந்தபோது இதெல்லாம் பத்து வருடப் பழசு, மற்றவர்கள் ஆசைப்பட்டு அலுத்துப்போய்ப் பையில் கட்டிக் கொடுத்தது. கேள்வி கேட்டவர் "எங்கள் வீட்டில் தொங்குகிறது" என்கிறார். அண்ணை, புதிதாக வாங்கினீர்களா? சும்மா அறியத்தான் கேட்கிறேன்.

20 ஜனவரி

சரி சரி, புதிதாக வாங்கியதுதானாம். 1991, முதல் முழுச் சம்பளம். வாபஸ் வாங்குகிறேன்.

26 ஜனவரி

தொப்பிக் கதை. நீலம், சிவப்பு, வெள்ளை, நெற்றியில் எஸ்-கா-ஆ என்று ஒரு சுவிஸ் வங்கியின் மூன்று எழுத்து. சுவிசில் 70களின் கடைசியில் இருந்து அந்த வங்கி விளம்பரத்துக்கு லட்சக்கணக்கில் சும்மா கொடுத்த கம்பளித் தொப்பி. அந்தக் காலத்து ஸ்கீ மலைப் படம் எதையாவது எடுத்துப் பாருங்கள், நாலு தலை அதோடு நிற்கும். இதற்குப் பிராண்ட் கிடையாது, காசு கிடையாது, ஆனால் நாடு முழுக்க ஒரே தொப்பி. வைத்தியரும் போட்டார், வைத்தியரின் பாதையில் பனி அள்ளுகிறவரும் போட்டார்.

அப்பாவிடம் ஒன்று இருந்தது. யாரோ வேலையிடத்தில் கொடுத்தது. இரவு பன்னிரண்டரைக்குக் குசினி மூடி நடந்து வரும்போது அதுதான் தலையில். எழுத்து வங்கியின் பெயர் என்று அவருக்குப் பல வருடம் தெரியாது, ஏதோ ஸ்கீக் கழகம் என்று நினைத்திருக்கிறார். அந்த வங்கியில் அவருக்குக் கணக்கும் இருக்கவில்லை. பிறகு வங்கி கிரெடிட் சுவிஸ் என்று பெயர் மாறிற்று, 2023இல் வங்கியே மற்ற வங்கிக்குள் போய்விட்டது. அந்தக் கிழமை இணையத்தில் பார்த்தேன், ஒருவர் தொப்பிக்கு எண்பது பிராங்க் கேட்டிருந்தார். பங்கு வாங்கியவரைவிடத் தொப்பி வாங்கியவர் தப்பிவிட்டார் என்று அப்பாவிடம் சொன்னேன். அவருடையதை 2002இலோ என்னவோ கழுவி, சூட்டில் போட்டு, பொம்மைக்கு அளவாக ஆக்கியது நான். அதை இன்னும் சொல்லிக் காட்டுவார்.

2 பெப்ரவரி

பள்ளிக்கூடங்களின் குளிர்கால ஸ்போர்ட்ஸ் விடுமுறை வந்தது. இந்த விடுமுறையே இரண்டாம் உலகப் போரில் நிலக்கரித் தட்டுப்பாட்டில் பள்ளிக்கூடத்தைச் சூடாக்க முடியாமல் விட்டதில் இருந்து வந்தது. பிள்ளைகள் மலைக்குப் போனது பிறகு வந்த பழக்கம்.

வில்ட்ஹவுஸ் போனோம். "எல்லோரும் கறுப்பு" என்பதைச் சோதிக்க, ஒரு சூப்போடு வெளியில் இருந்து இறங்கி வருகிறவர்களை எண்ணினேன். ஐம்பது பேர். மேலே கறுப்பு பதினாறு. மற்றதெல்லாம் கடுகு நிறம், செங்கல் நிறம், ஒலிவ், ஒரு மாதிரி மங்கின நீலம். ஆக, செத்தவீடு என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாமே வெயிலில் காய்ந்த மிளகாய்க் கலர், கத்தும் நிறம் ஒன்றும் இல்லை. கத்தினது ஒன்றே ஒன்று: இருபது வயதுப் பெடியன், பச்சையும் ரோசாவும் கலந்த ஓவரோல், வேண்டுமென்றே போட்டது. எல்லோரும் அவனோடு படம் எடுக்கிறார்கள்.

பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்று பிடிபட்டது. தலைமயிரைக் காணோம். 1994இல் தொப்பி, காதுப்பட்டி, ஒன்றுமில்லாத தலை. ஹெல்மெற் போட்டது போட்டிக்காரரும் சின்னப் பிள்ளைகளும்தான். இப்போது பத்தில் ஒன்பதுக்கு மேல் ஹெல்மெற். 2009 புத்தாண்டன்று ஆஸ்திரியாவில் ஒரு ஜெர்மன் அரசியல்வாதி ஒரு பெண்ணோடு மோதினார். ஹெல்மெற் போட்டிருந்த அவர் தப்பினார், போடாத அந்தப் பெண் இறந்தார். அந்த மாதம் கடைகளில் ஹெல்மெற் முடிந்துபோனது எனக்கு நினைவிருக்கிறது, நானும் அப்போதுதான் வாங்கினேன். தொப்பி மலையில் இருந்து இறங்கினது அந்தக் குளிர்காலம் என்று நினைக்கிறேன். அந்த மாற்றத்தை மட்டும் யாரும் எனக்கு முன்னால் குறை சொல்லாதீர்கள்.

3 பெப்ரவரி

மலை ஏறும் லிஃப்ற் ரிக்கெற் பற்றிச் சொல்ல மறந்தேன். முன்பு தாள் ரிக்கெற்றை நூலில் கட்டிச் சிப்பில் தொங்கவிடுவார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் போன வருடத்ததையும் கழற்ற மாட்டார்கள், மாட்டுக் கழுத்துச் சலங்கை மாதிரி ஏழெட்டுத் தொங்கும். என்னுடையது முகாமில் கிடைத்த ஒன்றே ஒன்று. அதை ஏப்ரல் வரை கழற்றவில்லை.

இப்போது அட்டையை இடது கையில் உள்ள சின்னப் பொக்கெற்றில் போடுவது, வாசல் தானாகத் திறக்கும். பழைய ஜக்கெற்றில் அந்தப் பொக்கெற் கிடையாது. அந்தப் பச்சை ரோசாப் பெடியன் அட்டையைப் பின்பொக்கெற்றில் வைத்துவிட்டு, ஒவ்வொரு தரமும் வாசலுக்கு இடுப்பைக் காட்டி ஆடித்தான் உள்ளே போனான்.

8 பெப்ரவரி

முதல் நாள் எழுதியதில் பாதியைத் திருப்பி எடுக்கிறேன்.

என் கணவருடைய 2006 ஜக்கெற்றை எடுத்துத் தோய்த்தேன். நல்ல விலை, உள்ளே தண்ணீர் விடாத பூச்சு. இயந்திரத்தைத் திறந்தால் உள்ளே வெள்ளைச் செதில் செதிலாக, பாம்பு சட்டை உரித்தது போல. உட்பக்கம் பிசுபிசு என்று கையில் ஒட்டுகிறது. பொலியூரித்தேன் பூச்சு காற்றின் ஈரத்தில் மெல்ல மெல்ல உடைகிறது. போட்டாலும் போடாவிட்டாலும் அலுமாரிக்குள் இருந்தபடியே போய்விடும். பழைய ஸ்கீச் சப்பாத்தும் அப்படித்தான், பலதும் அதே பிளாஸ்டிக். இருபது வருடம் கெல்லரில், நிலவறையில் கிடந்ததைப் போட்டுக்கொண்டு இறங்கினால் மலை நடுவில் பிஸ்கற் மாதிரி நொறுங்கும். வீட்டில் பழைய சப்பாத்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள், இது பகிடி இல்லை.

கேள்வி கேட்டவரின் 1991 ஜக்கெற் தப்பினது, அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லாததால். நைலோன், பஞ்சு, பெரிய சிப். நனையும், கனக்கும், ஆனால் முப்பது வருடம் தொங்கும். 2006 ஜக்கெற் நனையவிடாது, ஆனால் உரியும். இன்னொன்று, அந்தக் காலத்தில் கிழிந்தவை குப்பைக்குப் போய்விட்டன, மிஞ்சினதைத்தான் நாங்கள் பார்க்கிறோம். சிப் விஷயத்தில் மட்டும் அவருக்கு முழு வெற்றி. இப்போதைய சிப் பல்லைக் கண்ணாடி போட்டுத்தான் தேட வேண்டும்.

16 பெப்ரவரி

அம்மாவிடம் போயிருந்தேன். மகளுக்குப் பதினாலு வயது, அடுத்த மாதம் அவளுக்கு ஸ்கீலாகர், கடைசி நாள் 80கள் வேடமாம். "அம்மம்மா, அந்த ரோசா ஓவரோல் இருக்கா?" என்று கேட்டாள். நான் எப்போதோ போய்விட்டிருக்கும் என்று நினைத்தேன். அம்மா எதையும் எறிய மாட்டார் என்பதை மறந்துவிட்டேன். கெல்லரில், பழைய சூட்கேசில், பூச்சி உருண்டையோடு.

விரித்துப் பார்த்தோம். நிறம் மங்கவே இல்லை. உங்களுக்காகவே கழுத்தின் உட்பக்கத்தைப் பார்த்தேன். லேபல் இல்லை. இருந்த இடத்தில் நீள்சதுரமாகத் தையல் ஓட்டை மட்டும், அதற்குக் கீழே இன்னொரு சின்ன நீள்சதுரம். அம்மாவிடம் கேட்டேன்.

"பேர் எழுதிக் கிடந்தது பிள்ளை. அதுதான் வெட்டினனான்."

யாருடைய பெயர்? இங்கே முகாமுக்குப் போகும் பிள்ளைகளின் உடுப்பில் பெயர்த் துண்டு தைப்பார்கள். முதல் நாள் "புரோக்கி, ஐந்து பிராங்க்" என்று எழுதினேனே, அது பிழை. உன் ரீச்சர் பையில் கொண்டுவந்து தந்தவ என்றார் அம்மா. பெயர் யாருடையது என்று அவரால் வாசிக்க முடியவில்லை. ஆனால் என் வகுப்புப் பிள்ளையாக இருக்கலாம் என்று பயந்து இரவோடு இரவாக வெட்டியிருக்கிறார். மேலே இருந்த பெரிய துண்டிலும் பெயர்தான் எழுதியிருக்கிறது என்று நினைத்து அதையும் சேர்த்து வெட்டினாராம். அதுதான் பிராண்ட்.

"அதிலை பெரிசாத் தங்க நூலாலை எழுதியிருந்தது, ஆரோ பெரிய இடத்துப் பிள்ளையாக்கும் எண்டு நினைச்சன்."

17 பெப்ரவரி

தங்க நூல் என்றதும் இருவர் துப்பறியத் தொடங்கிவிட்டீர்கள். எழுத்து எத்தனை, எந்த எழுத்தில் தொடங்கிற்று என்று அம்மாவுக்குத் தெரியாது, நான் கேட்டுவிட்டேன். மின்னலையும் தோள் பஞ்சையும் படம் எடுத்துப் போடுங்கள் என்கிறீர்கள். போடலாம். ஆனால் அந்த மற்றச் சின்னத் துண்டின் சொந்தக்காரி யார் என்றுதான் எனக்கு இப்போது ஓடுகிறது. வகுப்பில் பதினொரு பெண் பிள்ளைகள். அந்தக் கிழமை முழுக்க யாரோ ஒருத்தி தன் பழைய ஓவரோலுக்குள் நான் விழுந்து விழுந்து எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு சொல் சொல்லவில்லை. கேலி செய்தவர்களில் அவளும் இருந்தாளோ தெரியாது.

1 மார்ச்

மகளுக்கு அளவு சரி, கை மட்டும் இரண்டு விரல் கட்டை. அட்டைக்கு இடது கையில் ஒரு பொக்கெற் வைத்துத் தரச் சொல்கிறாள். அம்மா ஊதாத் துணி தேடிக்கொண்டிருக்கிறார். அந்த மெச்சின அரிசிமணிச் சிப் நெஞ்சுக்குக் கிட்ட ஒரு பல்லில் சிக்குகிறது. மெழுகுதிரி தேய்த்தேன், கொஞ்சம் இளகினது. இன்னொருதரம் தேய்க்க வேண்டும்.